ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டுகள்

குடும்பக் கட்டுப்பாடு என்றால் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஆபரேஷன். அதுவும் பெண்ணுக்கு, இரண்டாவது பிரசவத்தோடு. "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்டால் எந்த ஆபரேஷன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆணுறை எல்லாமே அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 38. கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் இங்கே ஆயிரத்துக்கு ஒன்று.

பிறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தடை என்று எதுவும் இருப்பதாகத் தெரியாது. அதே கணக்கெடுப்பில் பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3 குழந்தைகள், இங்கே 1.8. வளரும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது தொலைவு, செலவு, அறியாமை என்று தடைகளை அடுக்குவது வழக்கம். சமவெளியில் இவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. தீராமல் இருப்பது வேறு: பல முறைகள் இருந்தும் புழக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது; அந்த ஒன்றுக்கும் குழந்தைகள் பிறந்து முடிந்த பிறகே முறை வருகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பெரியார் பேசியது 1930களில். 1952இல் இந்திய அரசு தொடங்கிய திட்டமோ மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நடந்தது. 1956இல் சென்னை மாநில அரசு, அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மேசையில் படுத்தவர்கள் அதிகமும் ஆண்கள்தான். நெருக்கடிநிலையின்போது 1976–77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் முக்கால் பங்கு ஆண்களுக்கு, பல இடங்களில் பலவந்தமாக. 1977இல் ஆட்சி கவிழ்ந்ததோடு ஆண்கள் அறுவையும் பேர் கெட்டு ஒழிந்தது. அரசுகள் பெண்கள் பக்கம் திரும்பின. எதிர்ப்பு வராது என்ற கணக்கு அதில் இருந்ததை மறுக்க முடியாது.

கல்யாணமான மூன்றாம் மாதத்திலேயே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கும் ஊரில், முதல் குழந்தையைத் தள்ளிப்போட வழி கேட்டு ஒரு மருமகள் துணை சுகாதார நிலையத்துக்குப் போவது எளிதல்ல. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்குச் சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்று காரணம் சொல்வார்கள். தள்ளிப்போடுவது நம்மவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நர்ஸம்மா வீடு தேடி வந்தாலும் பேச்சு திண்ணையில் மாமியார் முன்னால்தான் நடக்கும். மாத்திரை சூடு, காப்பர்-டி மேலே ஏறிவிடும் என்ற பயங்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். 'அந்தரா' ஊசி விஷயம் சிக்கலானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசியால் சிலருக்கு மாதவிலக்கு நின்றுபோகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 'வீட்டுக்குத் தூரம்' என்று மூன்று நாள் ஒதுங்கி உட்காரும் வழக்கமுள்ள வீட்டில், ஒருத்தி ஒதுங்காமல் இருந்தால் முதல் மாதமே தெரிந்துவிடும். ரகசியமாகப் போட்டுக்கொண்ட ஊசி அங்கே ரகசியமாக இருப்பதில்லை.

கணவர் சம்மதமும் ஒரு தடை. அறுவைக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை என்பது மத்திய அரசின் விதி. நடைமுறையில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்ற பதிலே பல பெண்களுக்குக் கிடைக்கிறது.

ஆண் வாரிசு ஆசை இன்னொரு முடிச்சு. இரண்டும் பெண்ணாக இருந்து, ஆண் குழந்தை இல்லாமல், பெற்றோரில் ஒருவர் அறுவை செய்துகொண்டால் அரசின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் பேரிலும் 25,000 ரூபாய் வைப்பு வைக்கப்படும். "அடுத்தது பையன்" என்று காத்திருக்கும் வீட்டில் அந்தத் தொகை எடுபடுவதில்லை.

கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். உமைக்கு இறைவன் பாதி உடலைக் கொடுத்த தலம் இது என்பது ஐதீகம். கருத்தடையில் மட்டும் பாதி இல்லை, முழுப் பாரமும் அவளுக்கே. ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாத அறுவை சில நிமிட வேலை. வயிற்றைத் திறக்க வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். அதன் பிறகு மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு தேவை. உதவித்தொகையும் ஆணுக்கு 1,100 ரூபாய், ஏழைப் பெண்ணுக்கு 600. இருந்தும் "மூட்டை தூக்க முடியாது, ஆம்பிளைத்தனம் போயிடும்" என்ற பயம் 1,100 ரூபாயை விடப் பெரியது. இந்தப் பயம் தவறு என்பதை மனைவியிடம் அல்ல, கணவனிடம்தான் சொல்ல வேண்டும். அவனோ சுகாதார நிலையத்தில் ஊசிக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

மணமாகாதவர்களுக்குக் கருத்தடைச் சேவை ஏறக்குறைய இல்லை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர கருத்தடை மாத்திரையை விற்கச் சட்டத்தில் தடையில்லை. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் "வர்றதில்லை" என்பார்கள். ஆணுறையைக் கறுப்புக் கவரில் சுற்றித் தருவார்கள். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை தவறிய மணமாகாத பெண்ணையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற முதல் கேள்வியிலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

தொலைவு போன்ற பழைய தடைகள் அப்படியே இருப்பது ஜவ்வாது மலையில். சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிக் குக்கிராமங்களிலிருந்து சிகிச்சைக்காக ஜமுனாமரத்தூருக்கு நடந்தும் ஜீப்பிலும் வர வேண்டும். அறுவை என்றால் கைக்குழந்தை, ஆடு, அறுவடைக்கு நிற்கும் சாமை எல்லாவற்றையும் சில நாள் விட்டுவர வேண்டும். நர்ஸ் மலையேறி வந்தால் ஊசிதான் அங்கே தோதானது. மழையில் பாதை அடைபட்டாலும் அந்த ஊசிக்கு நான்கு வாரம் வரை அவகாசம் உண்டு. தினமும் போட வேண்டிய மாத்திரைக்கு அதுவும் கிடையாது.