மக்கள் பிரதிநிதிகளின் சொத்து, பயண விவரங்களும் பொதுமக்களின் அறியும் உரிமையும்

முன்னுரை

சட்டமியற்றும் அதிகாரம் பெற்றவரின் சொத்து, கடன், தொழில், பயணம் ஆகியவை அவருடைய தனிப்பட்ட செய்திகளாக மட்டும் அமைவதில்லை. அவர் வாக்களிக்கும் சட்டமுன்வடிவு அவருடைய சொந்த நலனைத் தொடுகிறதா என்பதை அறிய இவ்விவரங்கள் தேவைப்படுகின்றன. இந்தியாவில் தேர்தல் மூலம் நாடாளுமன்றம் செல்பவர் தம் சொத்து விவரத்தை இருமுறை அளிக்கிறார். வேட்பாளராக அளிப்பதை இணையத்தில் எவரும் காணலாம். உறுப்பினரான பின் அளிப்பதை அவ்வாறு காண இயலாது. இவ்வேறுபாடு தோன்றிய முறையையும் அதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வேட்பாளர் அளிக்கும் விவரம்

ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அறிவது, அரசமைப்பின் 19(1)(அ) கூறு வழங்கும் கருத்துரிமையின் பகுதி என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டே நாடாளுமன்றம் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு எவ்வாறு இருப்பினும், சட்டம் கோருவதற்கு மேல் வேட்பாளர் எதையும் வெளியிடத் தேவையில்லை என்று 33-பி பிரிவு கூறியது. உச்சநீதிமன்றம் 2003 மார்ச் 13 அன்று அப்பிரிவைச் செல்லாததாக்கியது.

இதன் பயனாக, வேட்பாளர் படிவம் 26இல் அளிக்கும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இடம்பெறுகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று லோக் பிரஹரி வழக்கில் வந்த தீர்ப்பு, வருமானம் வரும் வழியையும் வெளியிட வேண்டும் என்றது. 2019இல் படிவம் திருத்தப்பட்டு, ஐந்தாண்டு வருமான விவரமும் வெளிநாட்டுச் சொத்து விவரமும் கோரப்பட்டன. பொய்த் தகவல் அளித்தால் 125-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உறுப்பினர் அளிக்கும் விவரம்

2002ஆம் ஆண்டுத் திருத்தமே 75-ஏ பிரிவையும் சேர்த்தது. இதன்படி நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உறுதிமொழி ஏற்ற 90 நாள்களுக்குள் தம் சொத்து, கடன் விவரங்களை மக்களவைத் தலைவரிடமோ மாநிலங்களவைத் தலைவரிடமோ அளிக்க வேண்டும். வாக்காளரிடம் சொல்வதற்கு மாற்றாக அவைத் தலைவரிடம் சொல்வது என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள். 33-பி நீங்கிய பின்னும் 75-ஏ நிலைத்தது. மக்களவைக்கான 2004ஆம் ஆண்டு விதிகளின்படி இப்பதிவேட்டின் தகவலைப் பெற அவைத் தலைவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வேண்டுமென்றே விதியை மீறுவது உரிமை மீறலாகக் கருதப்படலாம். அதனை முடிவு செய்வதும் அவையே. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலச் சட்டமன்றங்களின் உறுப்பினர்கள் இப்பிரிவின் வரம்பிற்குள் வருவதில்லை.

பயண விவரம்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 6இன்படி, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். திடீர் நோய்க்கான மருத்துவ உதவி இதற்கு விதிவிலக்கு. எனினும் ஒரு மாதத்திற்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். பெற்ற அனுமதியைப் பொதுமக்கள் அறியுமாறு வெளியிட வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. சொத்து விவரத்தைப் போலவே இதுவும் உறுப்பினருக்கும் அதிகார அமைப்பிற்கும் இடையிலான செய்தியாக நின்றுவிடுகிறது.

ஆய்வுக்கு நேரும் இடர்

இரு தேர்தல்களின் பிரமாணப் பத்திரங்களை ஒப்பிட்டே சொத்து வளர்ச்சி பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. இம்முறையில் இரு குறைகள் உள்ளன. சொத்து எவ்வளவு கூடியது என்பது தெரியும். எந்த ஆண்டில், எந்த முடிவுக்கு முன்னரோ பின்னரோ கூடியது என்பது தெரியாது. மேலும், மீண்டும் போட்டியிடாதவருக்கு இரண்டாவது பத்திரமே இல்லை. ஆகவே இத்தகைய கணக்கீடுகள் மீண்டும் போட்டியிட்டவர்களைப் பற்றியவையே. எல்லா உறுப்பினர்களுக்கும் அவற்றைப் பொருத்துதல் பிழையாகும். பத்திரங்கள் பெரும்பாலும் தாளின் படங்களாகவே பதிவேற்றப்படுவதால், சொல்லோ எண்ணோ கொண்டு தேடுவதும் அரிதாகிறது.

முடிவுரை

வெளிப்படைமைக்கு எல்லை உண்டு என்பதும் ஏற்கத்தக்கதே. வாக்காளருக்குத் தொடர்பற்ற ஒவ்வொரு செய்தியையும் வேட்பாளர் வெளியிடத் தேவையில்லை என்று 2024 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் வேட்பாளராக ஏற்கெனவே வெளியிட்ட அதே வகை விவரம் பதவியேற்றதும் மறைபொருளாவதற்கு அந்தரங்க உரிமை காரணமாக இயலாது. அதிகாரம் இல்லாத நிலையில் வெளியிட்டதை அதிகாரம் உள்ள காலத்தில் ஆண்டுதோறும் வெளியிடச் செய்வதும், மாநிலச் சட்டமன்றங்களையும் 75-ஏ பிரிவில் அடக்குவதும், விருந்தோம்பல் அனுமதிகளைப் பதிவேற்றுவதும் சட்டத்திருத்தத்தால் இயலக்கூடியவை. அத்திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டியவர்களும் ஒருவரே என்பதே இதிலுள்ள சிக்கலாகும்.