பழைய வீடியோ கேமுக்குப் பழைய டிவி ஏன் வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடுவது கேம்ஸ் தான். அப்படித் தேடும்போது 'எமுலேட்டர்' என்ற சொல் கண்ணில் படும். பழைய வீடியோ கேம் இயந்திரம் போலவே உங்கள் கம்ப்யூட்டரைச் செயல்பட வைக்கும் புரோகிராம் அது. "அது இருக்கும்போது பழைய கேம் பெட்டியையும், கனமான பிக்சர் டியூப் டிவியையும் வைத்துக்கொண்டு ஏன் இடத்தை அடைக்கிறீர்கள்?" என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இங்கு பார்க்கலாம்.

2 கிலோபைட் அதிசயம்

என்னிடம் இருப்பது நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம். இது 1983 ஜூலையில் ஜப்பானில் அறிமுகமானது. 1985ல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா சென்றது. மொத்தம் 6 கோடிக்கும் மேல் விற்றன. 1990களில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று கிடைத்தவற்றில் பல இதன் நகல்களே.

இதன் பிராசசர் வேகம் சுமார் 1.79 மெகா ஹெர்ட்ஸ். ராம் நினைவகம் வெறும் 2 கிலோபைட். உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால், அது இதைப்போல சுமார் 42 லட்சம் மடங்கு! 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இடத்தை மிச்சப்படுத்த அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நிறம் மட்டும் வேறு. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

துப்பாக்கி ஏன் சுடுவதில்லை?

டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் கேமுக்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி உண்டு. எல்.சி.டி. டிவியில் இணைத்துச் சுட்டால் ஒரு வாத்தும் விழாது. பலர் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் கோளாறு துப்பாக்கியில் இல்லை.

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே செல்வதில்லை. அதன் முனையில் ஒளியை உணரும் சென்சார் மட்டுமே உள்ளது. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று சென்சார் உணர்ந்தால் வாத்து விழும். இரண்டு வாத்துகள் இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளிச்சம் தெரிந்த நேரத்தை வைத்து, குறி எந்த வாத்தின் மீது என்று இயந்திரம் கண்டுபிடிக்கும்.

பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வர வர வரி வரியாகப் படத்தை வரைந்துவிடும். எல்.சி.டி. டிவி அப்படியல்ல. படத்தை வாங்கி, தன் திரை அளவுக்கு மாற்றி, பிறகே காட்டும். இதில் நொடியில் சில நூறில் ஒரு பங்கு தாமதமாகிறது. அதற்குள் இயந்திரம் 'குறி தவறியது' என்று முடிவு செய்துவிடும். தவிர, அந்த சென்சார் பிக்சர் டியூப் ஒளியின் துடிப்புக்கு ஏற்றவாறே அமைக்கப்பட்டது.

மாரியோ குதிப்பதிலும் இதே கதை தான். நொடிக்கு 60 படங்கள் என்று ஓடும் கேமில் 3 படங்கள் தாமதமானால், பட்டனை அழுத்தி 20ல் ஒரு நொடி கழித்தே குதிப்பது தெரியும். பள்ளத்தில் விழ அது போதும். எமுலேட்டரிலும் கீபோர்டு, புரோகிராம், மானிட்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கின்றன. கேம் எப்படி இருக்கும் என்று அறிய எமுலேட்டர் நல்ல வழி. கைக்கும் கண்ணுக்கும் உள்ள அந்த நெருக்கம் வேண்டுமென்றால் பழைய இயந்திரமும் பழைய டிவியும் தான்.

பயன்படுத்தும் முன் கவனிக்க

1. அடாப்டர்: ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். அந்த நாட்டு அடாப்டரை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகக் கூடாது. மேலும் ஃபேமிகாமுக்கு வேண்டியது டி.சி. மின்சாரம், அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் தருவதோ ஏ.சி. மாற்றிப் போட்டால் இயந்திரம் வீணாகும்.

2. டிவி: ஜப்பான், அமெரிக்க இயந்திரங்கள் என்.டி.எஸ்.சி. முறையில் சிக்னல் தருபவை. நம் பழைய டிவிக்கள் பால் முறை. இரண்டையும் ஏற்கும் டிவியாக இல்லாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம் அல்லது உருளலாம்.

3. கேசட்: வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோகப் பட்டைகளை அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்கு காயவிடுங்கள்.

4. பிக்சர் டியூப்: டிவியின் பின்பக்க மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேசட்டுக்குள் ஒரு பேட்டரி

தி லெஜண்ட் ஆஃப் செல்டா போன்ற கேம்களின் கேசட்டில், விட்ட இடத்தைப் பதிவு செய்து வைக்க ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் கேம் ஓடும். ஆனால் நீங்கள் சேமித்ததெல்லாம் போய்விடும். பழைய பேட்டரியைக் கழற்றினாலும் அப்படியே. கேசட்டைக் கம்ப்யூட்டரில் யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் ரீடர்கள் உள்ளன. முதலில் அதன் மூலம் பதிவை ஒரு ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்துப் புது பேட்டரியைப் பற்ற வைத்து, ஃபைலைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

பெரிய நிறுவனங்கள் பிக்சர் டியூப் டிவிக்களைத் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருப்பவை குறைந்துகொண்டே போகின்றன. வீட்டுப் பரணில் ஓடக்கூடிய நிலையில் ஒன்று இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு கேம் பெட்டியை இணைத்துப் பாருங்கள். வாத்து விழுந்தால் அந்த டிவியை விட்டுவிடாதீர்கள்.