தூதர் நாற்காலி யாருக்கு?

தூதர் உத்தியோகமா? அது துரைமார் வீட்டுப் பிள்ளைகளின் சமாசாரம். பாட்டாளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருண்டு. நாம் சொல்கிறோம்: தொடர்பு உண்டு! நிரம்ப உண்டு!

வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போன நம் தோழனின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால், அவன் தட்டுவது எந்தக் கதவை? இந்தியத் தூதரகத்தின் கதவை! அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்கு, உழைப்பவன் படும் பாடு தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த மேசைக்குப் போகும் வழி மூடுமந்திரமல்ல. பட்டம் பெற்று 21 வயது நிரம்பியவர் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகள். தேறி வெளியுறவுப் பணி கிடைத்தால் முசூரியிலும் டில்லியிலும் பயிற்சி. ஓர் அயல்நாட்டு மொழி கட்டாயம். மூன்றாம் செயலாளராகத் தொடக்கம். பின்னர் இரண்டாம் செயலாளர், முதற் செயலாளர், கவுன்சிலர். பல்லாண்டு உழைப்புக்குப் பின் தூதர். காமன்வெல்த் நாடுகளில் அவருக்கே ஹைகமிஷனர் என்று பெயர்.

ஏணி இருக்கிறது. எல்லோரையும் ஏறவிட்டார்களா?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த குடகுப் பெண் சி. பி. முத்தம்மா, 1949-இல் இப்பணியில் சேர்ந்தார். சேர்ந்த முதல் பெண் அவரே. மணம் புரிந்தால் வேலையைத் துறப்பதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள்! ஆணுக்கு இல்லாத நிபந்தனை பெண்ணுக்கு! 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரான பிறகும் பதவி உயர்வில் ஓரவஞ்சனை. அவர் அழவில்லை, அரசையே உச்சநீதிமன்றத்துக்கு இழுத்தார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாகுபாட்டைச் சாடித் தீர்ப்பெழுதினார்.

உழவூரில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்தில், வறிய வீட்டில் பிறந்து, பல கல் நடந்து பள்ளி சென்ற கே. ஆர். நாராயணனும் அதே 1949-இல்தான் சேர்ந்தார். சீனாவில் தூதர், அமெரிக்காவில் தூதர், 1997-இல் குடியரசுத் தலைவர்! தகுதி மாளிகையில் மட்டுமா பிறக்கிறது?

மொழியின் பேராலும் தாழ்ப்பாள் போடப் பார்த்தார்கள். 2013 மார்ச்சில், பட்டப்படிப்பைத் தாய்மொழியில் படித்தவரே தாய்மொழியில் தேர்வெழுதலாம் என்று கட்டுப்பாடு வந்தது. தமிழகம் கொதித்தது, நாடாளுமன்றம் அதிர்ந்தது. அந்த மாதமே கட்டுப்பாடு விலகிற்று. கதவுகள் தாமாகத் திறப்பதில்லை, தோழர்களே! தட்டினால்தான் திறக்கின்றன!

இன்று தட்ட வேண்டிய இடம் தொலைவில் இல்லை. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் நிமிர்ந்து நிற்கிறது. 2011-இல் அதை மருத்துவமனையாக்க முனைந்தது அன்றைய அரசு, உயர்நீதிமன்றம் தடுத்தது. சொந்தப் புத்தகத்தோடு வருவோர்க்கும் அங்கே இடமுண்டு. முதல்நிலைத் தேர்வுக்குப் படிப்போரில் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் தரும் மாநிலத் திட்டமும் 2023 முதல் இருக்கிறது.

அடையாற்றங்கரையின் வாரியக் குடியிருப்பிலே, ஒற்றை அறையிலே, கல்லூரிப் புத்தகத்தை விரிக்க இடமின்றித் தவிக்கும் பிள்ளை இருக்கிறதா? அந்த நூலகத்துக்கு அனுப்புங்கள். கிளைத் தோழர்கள் தத்தம் பகுதியில் பட்டம் முடித்த பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் துணை நில்லுங்கள். நாளை அயல்நாட்டிலே நம் தொழிலாளி கதவைத் தட்டும்போது, "வாங்க அண்ணே, உட்காருங்க" என்று தமிழில் ஒரு குரல் கேட்கட்டும்!