ஸ்லோ குக்கர் பாஸ்தா: ஐந்தாறு பொருள், அரை மணி நேர ரகசியம்

“என்னத்தா சாப்பிட்ட?”

ராத்திரி ஒன்பதரைக்கு ஊரிலிருந்து வரும் போனில் முதல் கேள்வி இதுதான். பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்வார்கள். ‘இனிமேத்தான்மா’ என்பது ஒரு பதில். ‘ஆர்டர் போட்டிருக்கேன்’ என்பது இன்னொன்று. இரண்டுமே அம்மாவுக்குப் பிடிக்காது.

இதற்குத் தீர்வு என்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுவது ஸ்லோ குக்கர். காலையில் நாலு பொருளைப் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டு ஆபீஸ் போய்விடலாம்; திரும்பி வந்து திறந்தால் சுடச்சுட பாஸ்தா என்கின்றன வீடியோக்கள். அதை நம்பி எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனவர்கள் ராத்திரி வந்து பார்த்தது கொழகொழவென்று ஒரு சிவப்புப் பசை. போஸ்டர் ஒட்டலாம், சாப்பிட முடியாது.

குக்கர் மீது தப்பில்லை. பாஸ்தா மீதும் தப்பில்லை. இரண்டும் சேர வேண்டிய நேரம்தான் தப்பு.

கரிசல் காட்டுக்குப் புதிதல்ல

கருவி புதிது, யோசனை பழசு. பரளச்சி வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மிளகாய் என்று போடுகிற கரிசல் மண். விடிந்ததும் காட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மத்தியானம் அடுப்படியில் நிற்க நேரம் ஏது? முந்தின நாளே கம்பை இடித்துக் காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் கரைத்துக் குடிக்கக் கூழ் தயார். ஆட்டுக்கால் என்றால், ராத்திரி சமையல் முடிந்த அடுப்பில் கிடக்கும் கருவேலங்கங்கின் மேல் சட்டியை ஏற்றி மூடிவிட்டுப் படுத்துவிடுவார்கள். விடியும்போது எலும்பிலிருந்து சாறு இறங்கியிருக்கும். ஆள் பக்கத்தில் இல்லாதபோது சட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் ஸ்லோ குக்கர் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். யூதர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் மாலை வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அதனால் வெள்ளி மாலையே பயறு, கறி, தானியம் போட்ட பானையை அணையப்போகிற ரொட்டி அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். ‘சோலன்ட்’ என்ற அந்த உணவு ராத்திரி முழுக்க வெந்து சனிக்கிழமை மதியம் சாப்பாடாகும். லித்துவேனியாவின் வில்னா நகரில் தன் பாட்டி இப்படிச் சமைத்ததை அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நேக்சன். அடுப்பே இல்லாமல் மின்சாரத்தில் இதைச் செய்யும் பானைக்கு அவர் 1940-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் அவரது நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, மறுவருடம் ‘க்ராக்-பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். பானை பிய்த்துக்கொண்டு விற்றது.

ஆக, இந்தப் பானை எதற்காக உருவானதோ அந்தப் பொருள்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு, கறி, கிழங்கு, பயறு. எல்லாமே வேக நேரம் எடுப்பவை. பாஸ்தா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பாஸ்தா ஏன் குழைகிறது?

பாஸ்தா டியூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்வது. அதைப் பிசையும்போது குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு மாவுச்சத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்த வலை சீக்கிரம் இறுகும். உள்ளே மாவுச்சத்து வெந்து உப்பும். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அதையே வெதுவெதுப்பான குழம்பில் ஆறு மணி நேரம் ஊறப்போட்டால்? வலை இறுகுவதற்குள் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மாவுச்சத்து கசிந்து வெளியே வந்து குழம்பைக் கஞ்சியாக்கிவிடும். சேமியா உப்புமா கிண்டத் தெரிந்த யாருக்கும் இது புரியும். சேமியாவும் பாஸ்தாவின் பங்காளிதான். அதனால்தான் வறுத்துவைத்துக்கொண்டு, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போடுகிறோம்.

வழி இதுதான்: ஸ்லோ குக்கரில் நாள் முழுக்க வேக வேண்டியது தொக்கு மட்டும். பாஸ்தா உள்ளே போக வேண்டியது கடைசி அரை மணி நேரத்தில்.

செய்வது எப்படி?

இரண்டு பேருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி 600 கிராம், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், மிளகாய் வத்தல் நாலு, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு, 200 கிராம் பாஸ்தா. இவ்வளவுதான். மகரோனி, பென்னே போன்ற குட்டையான வகை நல்லது. நீளமான ஸ்பகெட்டி பானைக்குள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆலிவ் எண்ணெய் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எண்ணெய்க்கும் வத்தலுக்கும் பேர்போன விருதுநகர்ச் சீமைக்காரர்களுக்கு நல்லெண்ணெயின் அருமையைச் சொல்லவும் வேண்டியதில்லை. தக்காளியும் பூண்டும் வத்தலும் நல்லெண்ணெயில் சேர்ந்தால் வரும் வாசனை இத்தாலிக்காரருக்கு அந்நியமாக இருக்கலாம். நமக்கு அது தக்காளித் தொக்கு.

காலையில் கிளம்புமுன் ஐந்து நிமிடம் மட்டும் அடுப்பு வேண்டும். எண்ணெயைக் காயவைத்து வத்தலைக் கிள்ளிப் போட்டு, பூண்டையும் வெங்காயத்தையும் ஓரம் சிவக்கிற வரை வதக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடக் கூடாது. மூடிய ஸ்லோ குக்கருக்குள் நீராவி சூழ்ந்திருப்பதால் எதுவும் சிவக்காது. பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் ராத்திரி வரை அவிந்த வாடைதான் அடிக்கும். வதக்கியதைப் பானையில் கொட்டி, நாலாக நறுக்கிய தக்காளியையும் உப்பையும் சேர்த்து மூடி, ‘லோ’வில் வையுங்கள். வீட்டில் இருக்கும் நாளென்றால் ‘ஹை’யில் மூன்று மணி நேரம் போதும்.

தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒரு சொட்டுகூட. அடுப்பில் தொக்கு கிண்டும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இங்கே மூடியில் முட்டி மறுபடி உள்ளேயே விழும். தக்காளிச் சாறே போதும்.

ராத்திரி வந்து, கையைக் காலைக் கழுவுமுன் குக்கரை ‘ஹை’க்கு மாற்றுங்கள். தக்காளியைக் கரண்டியால் மசித்துவிட்டு, பாஸ்தாவைப் போட்டு, ஒரு பெரிய தம்ளர் (சுமார் 250 மி.லி.) தண்ணீர் ஊற்ற வேண்டும். அது கொதிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பானையின் சூடு இறங்கிவிடும், பாஸ்தா வேகாமல் ஊறும், பழைய கதைதான். பாஸ்தா முழுவதும் சாற்றுக்குள் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். குளித்துவிட்டு வந்து ஒரு கிளறு. இருபது நிமிடத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கலாம். நடுவில் லேசாகக் கடிபடும்போதே அணைத்துவிடுவது நல்லது. தட்டுக்கு வருவதற்குள் மீதி வெந்துவிடும். ஒவ்வொரு குக்கரின் சூடும் ஒவ்வொரு மாதிரி என்பதால் முதல் இரண்டு முறை கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள்.

சீஸ் இருந்தால் தூவலாம். இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக நுணுக்கிப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு வரும்?

இரண்டு பேருக்கான சின்ன ஸ்லோ குக்கர் ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். ஆறரை மணி நேரத்துக்கு 1.3 யூனிட். மாதம் பதினைந்து நாள் போட்டாலும் 20 யூனிட்டுக்குள்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவச யூனிட்டும் உண்டு என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பி.ஜி.யில் இருப்பவர்கள் முதலில் வார்டனிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

இதற்காகவே குக்கர் வாங்க வேண்டுமா? அவசியமில்லை. கனமான மண்சட்டியில் இதே தொக்கைச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தால் ருசி ஒரு படி கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய ‘சூடாறாப் பெட்டி’, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் தெர்மல் குக்கர் போன்றவையும் நன்றாக உதவும். நன்கு கொதித்த பானையை உள்ளே வைத்து மூடினால், தீ இல்லாமலே வெந்துகொண்டிருக்கும். ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ பட்டனை மட்டும் ஸ்லோ குக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெந்த சோற்றைச் சூடாக வைக்கத்தான். பச்சைப் பொருளை வேகவைக்கும் சூடு அதில் இல்லை.

சிறுதானியப் பாஸ்தா போடலாமா?

2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பு, சோளம், வரகுப் பாஸ்தா பாக்கெட்டுகள் கடைகளில் நிறையவே தென்படுகின்றன. வாங்குவதில் தப்பில்லை. ஆனால் சிறுதானியங்களில் குளூட்டன் கிடையாது, பிடித்துவைக்க வலையும் இல்லை. கோதுமை கலக்காத பாஸ்தா என்றால் ஸ்லோ குக்கரில் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் உடைந்து களியாகிவிடக்கூடும். அதைத் தனியாகக் கொதிக்கவைத்து வடித்து, கடைசியில் தொக்கோடு புரட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அதைவிட நேர்வழி ஒன்று இருக்கிறது. குதிரைவாலியைக் குதிரைவாலியாகவே போடுவது. பரளச்சிச் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையில் ஒரு படி குதிரைவாலி அரிசி வந்துவிடும். அது ரூம் அலமாரியில் மாதக்கணக்காகத் தூங்குவதும் உண்டு. ஒரு தம்ளர் அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தக்காளித் தொக்கில் இரண்டு தம்ளர் கொதிநீரோடு ‘ஹை’யில் வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் தக்காளிச் சோறு மாதிரி வந்துவிடும். கொஞ்சம் குழைந்தாலும் குற்றமில்லை. பாஸ்தாவுக்கு அது குறை, குதிரைவாலிக்கு அது குணம்.

ராஜ்மா போடுபவர்கள் கவனத்துக்கு

‘வெறும் மாவா இருக்கே, பயறு கியறு போட மாட்டியா?’ என்று அம்மா கேட்பது நியாயம்தான். போடலாம். ஆனால் ஸ்லோ குக்கரில் உண்மையிலேயே ஆபத்தான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் அதிகம். நான்கைந்து பச்சைப் பயறு உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கவைத்துவிடும். முழுக் கொதியில்தான் இந்த நச்சு அழியும். ஸ்லோ குக்கரின் ‘லோ’வில் உள்சூடு 80 டிகிரியைக்கூடத் தொடாமல் போகலாம். அந்த அரைகுறைச் சூட்டில் நச்சு அழிவதற்குப் பதிலாக, பச்சைப் பயற்றில் இருப்பதைவிட அதன் வேகம் கூடவும் செய்யும். பயறு மெத்தென்று வெந்தது போலவே இருக்கும் என்பதால் சாப்பிடுபவருக்குச் சந்தேகமும் வராது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். பிரஷர் குக்கரில் வேகவைத்துவிட்டால் இன்னும் நல்லது. தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை எதுவானாலும் இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு: தக்காளியின் புளிப்பில் பச்சைப் பயறு எத்தனை மணி நேரமானாலும் சரியாக வேகாது.

கறி போடுவதாக இருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டியாக எடுத்து அப்படியே போடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியைத் தாண்டவே மணிக்கணக்காகும். நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்திருந்தாலும் இதே சிக்கல்தான். குக்கரின் டிஜிட்டல் கடிகாரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாதபோது, பார்க்க வெந்ததுபோல இருந்தாலும், கொட்டிவிடுவதுதான் பாதுகாப்பு. கையால் திருகும் சாதாரண மாடலில் இந்த அடையாளமும் கிடைக்காது. மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் குக்கரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மிச்சமிருந்தால் சாப்பிட்ட கையோடு, இரண்டு மணி நேரத்துக்குள், சின்ன டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அதைச் சூடாக்க ஸ்லோ குக்கர் உதவாது, மெதுவாகச் சூடேறுவது இங்கேயும் கிருமிக்குத்தான் வசதி. வாணலியில் கால் தம்ளர் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கிற வரை புரட்டினால் மதிய டிபன் பாக்ஸுக்கு ஆகும்.