விரைந்து மாறும் திரை

நுழையும்முன்

பெங்களூரு நகர மன்றத்தின் அருகிலுள்ள சதர் பத்ரப்பா சாலையை ‘எஸ்.பி. ரோடு’ என்றே பலரும் அறிவர். கணினி உறுப்புகள் விற்கும் கடைகள் நிறைந்த தெரு அது. அங்கே கணினித்திரை கேட்டால், “144 வேண்டுமா, 240 வேண்டுமா?” என்று கடைக்காரர் வினவுவார். இவ்வெண்கள் எதைக் குறிக்கின்றன? எண் பெரிதானால் பயனும் பெரிதாகுமா? இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

மாணவர் ஒருவரின் கவலை

என் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தந்தை பீன்யா தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் இயக்குபவர். தீபாவளிக்குக் கிடைத்த ஊக்கத்தொகையில், மகன் விரும்பிய 240 ஹெர்ட்ஸ் திரையை வாங்கித் தந்தார். மறுவாரம் அம்மாணவர் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார்.

“ஐயா, பழைய திரைக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லவும் மனம் வரவில்லை” என்றார்.

திரையில் பழுது ஏதும் இல்லை. பிறகு குறை எங்கே இருந்தது? அதை அறியத் திரை இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

படம் அசைவது எப்படி?

குறிப்பேட்டின் ஓரத்தில் பக்கத்திற்கு ஒன்றாகப் பந்தின் படத்தைச் சற்றுச் சற்று நகர்த்தி வரைந்து, தாள்களை விரைவாகப் புரட்டிப் பாருங்கள்; பந்து ஓடுவதுபோல் தோன்றும். திரைப்படமும் இவ்வாறே இயங்குகிறது. அசையாத ஒவ்வொரு படமும் ‘சட்டகம்’ எனப்படும். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் இடம்பெறுவது வழக்கம்.

கணினித்திரை ஒரு நொடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறதோ, அதுவே ‘புதுப்பிப்பு வீதம்’. கடைகளில் இதை ‘ரெஃப்ரெஷ் ரேட்’ என்பர். இதன் அலகு ஹெர்ட்ஸ். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் பெரும்பாலான திரைகள் 60 ஹெர்ட்ஸ் கொண்டவை. அவற்றில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிநொடியும், 240 ஹெர்ட்ஸ் திரையில் 4.2 மில்லிநொடியும் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சின்னசுவாமி விளையாட்டரங்கில் ஒருவர் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசுகிறார். அப்பந்து ஒரு நொடியில் 40 மீட்டர் செல்லும். அதே வேகத்தில் கணினி விளையாட்டில் ஒரு பந்து வருவதாகக் கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் திரையில், ஒரு சட்டகத்திற்கும் அடுத்ததற்கும் இடையே அது 67 சென்டிமீட்டர் தாவிவிடும். 144 ஹெர்ட்ஸ் திரையில் அத்தாவல் 28 சென்டிமீட்டராகக் குறையும். 240 ஹெர்ட்ஸ் திரையில் 17 சென்டிமீட்டராகும். முதல் மாற்றத்தில் கிடைக்கும் பயன் 39 சென்டிமீட்டர். இரண்டாம் மாற்றத்தில் 11 சென்டிமீட்டர் மட்டுமே. எண் உயர உயர, கூடுதலாகக் கிடைக்கும் பயன் சுருங்குவதை இதனால் உணரலாம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

திரை தானாகப் படத்தை உருவாக்குவதில்லை. கணினியிலுள்ள வரைகலை அட்டை உருவாக்கித் தருவதையே காட்டுகிறது. அட்டை நொடிக்கு 90 சட்டகங்களே தருமாயின், 240 ஹெர்ட்ஸ் திரையும் அந்த 90 சட்டகங்களையே மீண்டும் மீண்டும் காட்டும். எனவே, திரை வாங்குமுன் பின்வருவனவற்றை ஆராய வேண்டும்.

1. அட்டையின் திறன்: நாம் ஆடும் விளையாட்டில் நம் கணினி நொடிக்கு எத்தனை சட்டகங்கள் தருகிறது என்பதைப் பாருங்கள். பல விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியிலேயே இதைக் காட்டும் வசதி உண்டு.

2. பிரிதிறன்: 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ‘4கே’ எனப்படும் 3840×2160 திரையில் 82.9 இலட்சம். புள்ளிகள் நான்கு மடங்காகும்போது அட்டையின் சுமையும் பெருகும், சட்டகங்கள் குறையும்.

3. வடமும் செருகுவாயும்: எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 1920×1080 பிரிதிறனில் 240 ஹெர்ட்ஸ் பெற இயலாது. 240 ஹெர்ட்ஸ் பெற எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும்.

4. கணினியின் அமைப்பு: புதிய திரையை இணைத்தாலும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே இயங்கக்கூடும். ‘டிஸ்ப்ளே’ அமைப்பில், மேம்பட்ட பகுதிக்குச் சென்று நாமே வீதத்தை மாற்ற வேண்டும்.

பலகத்தின் வகையையும் கேட்டறிக. டி.என். வகை விரைவானது, ஆயினும் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். வி.ஏ. வகை கருமையை நன்கு காட்டும். இருண்ட காட்சிகளில் அசைவு இழுபடலாம். ஐ.பி.எஸ். வகையில் நிறம் சீராக இருக்கும். விளையாட்டு, படிப்பு இரண்டிற்கும் ஏற்றது. அட்டையின் வேகத்திற்கேற்பத் திரை தன் வீதத்தை மாற்றிக்கொள்ளும் ‘ஃப்ரீசிங்க்’ அல்லது ‘ஜி-சிங்க்’ வசதி இருப்பின், படம் நடுவே கிழிந்ததுபோல் தோன்றாது.

குறை தீர்ந்தது

மாணவரின் கணினியைப் பார்த்தபோது இரண்டு தவறுகள் புலப்பட்டன. வடத்தை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகியிருந்தார். கணினியின் அமைப்பும் 60 ஹெர்ட்ஸிலேயே இருந்தது. இரண்டையும் திருத்தியதும் அசைவு சீரானது. ஆனால், அவருக்கு விருப்பமான விளையாட்டில் அட்டை தந்தவை ஏறத்தாழ 90 சட்டகங்களே. 144 ஹெர்ட்ஸ் திரையே போதுமானதாக இருந்திருக்கும். தந்தையின் பணத்திலும் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும்.

அன்று மாலை மாணவர் தந்தையிடம் நடந்ததைக் கூறினார். அவர் சினக்கவில்லை. “கடைசல் இயந்திரமும் அப்படித்தான் தம்பி. சுழலும் வேகத்தைக் கூட்டினால் போதாது. வெட்டும் உளி அந்த வேகத்தைத் தாங்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்முன் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்” என்றார்.

சொற்பொருள்

வடம் – கம்பி இணைப்பு, கேபிள்
செருகுவாய் – வடத்தைச் செருகும் இடம், போர்ட்
பிரிதிறன் – படப்புள்ளிகளின் அளவு
அகப்பை – குழம்பு முதலியவற்றை அள்ளும் கரண்டி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. புதுப்பிப்பு வீதம் என்றால் என்ன?
2. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் எத்தனை மில்லிநொடி நிற்கும்? கணக்கிடுக.
3. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?

ஆ. சேர்த்து எழுதுக.
1. கணினி + திரை
2. ஊக்கம் + தொகை

இ. உங்கள் வீட்டில் ஒரு பொருள் வாங்கத் திட்டமிடுவதாகக் கொண்டு, அம்மா அல்லது அப்பாவுடன் நீங்கள் உரையாடுவதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.