புனேயைக் கடக்கும் வெள்ளை வேட்டிகள்

கையளவு மூட்டை – 11

மூன்று நாள் வெளியூர் போக எத்தனை உடுப்பு வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பலரும் பட்டியல் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன், ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தே போகிறவர்கள் என்ன எடுத்துப்போகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அதைப் பார்க்கப் புனேதான் சரியான ஊர்.

ஜூன், ஜூலை வாக்கில் ஆளந்தியிலிருந்து மராத்தி பக்திக்கவி ஞானேஸ்வரரின் பாதுகையும், தேஹுவிலிருந்து அதே மரபின் துக்காராமின் பாதுகையும் பல்லக்கில் புறப்பட்டு, ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேர்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பல்லக்கில் கொண்டுபோகும் வழக்கத்தை 1685இல் தொடங்கிவைத்தவர் துக்காராமின் மகன் நாராயண மகராஜ். பிற்பாடுதான் இரண்டும் தனித்தனிப் பல்லக்குகள் ஆயின. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோமீட்டர். வழியில் இரு பல்லக்கும் புனேயில் இரண்டு இரவு தங்கும். ஞானேஸ்வரருக்குப் பவானி பேட்டை பால்கி விட்டோபா கோயில். துக்காராமுக்கு நானா பேட்டை நிவடுங்யா விட்டோபா கோயில். இந்த நடைப்பயணத்துக்கு வாரி என்று பெயர்; நடப்பவர்கள் வார்க்கரிகள். கூட வருகிற லட்சக்கணக்கான வார்க்கரிகளுக்குப் பள்ளிக்கூடம், மண்டபம், கடைத்திண்ணை எல்லாமே தங்குமிடம்தான்.

இரண்டு இரவுக்கும் இடைப்பட்ட பகல் ஓய்வு நாள். அன்று பேட்டைத் தெருக்களில் நடந்தால் அவர்களின் மூட்டைக்குள் இருப்பது முழுவதும் வெளியே தெரியும், ஏனென்றால் எல்லாம் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஜன்னல் கம்பியில் வேட்டி, பள்ளிக்கூடச் சுவரில் சட்டை, நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் மேல் தொப்பி. கொடி கட்ட இடம் கிடைக்காத இரண்டு பெண்கள், துவைத்த ஒன்பது கஜப் புடவையின் இரு தலைப்பையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே மெதுவாக நடந்தார்கள். கோடியில் திரும்பி மறுபடி வந்தார்கள். மழைத்தூறல் விட்ட இடைவெளியில், பேசிக்கொண்டே ஒரு புடவையைக் காயவைத்துவிட்டார்கள். கனமான ஜரிகைப் புடவையாக இருந்தால் இது நடக்குமா? மெல்லிய பருத்தி என்பதால் நடந்தது.

ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காந்தித் தொப்பி அல்லது தலைப்பாகை, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் துளசி மாலை. வயதானவர்கள் உள்ளே பை வைத்துத் தைத்த பண்டி என்கிற சட்டை போட்டிருப்பார்கள்; பணம் அதில் பத்திரமாக இருக்கும். எல்லாம் ஒரே வெள்ளை என்பதால் எந்த வேட்டியும் எந்தச் சட்டைக்கும் பொருந்தும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், அவ்வளவுதான். துண்டின் வேலையை எண்ணிப் பாருங்கள்: துவட்ட, தலைக்குக் கட்ட, சுமைக்குச் சும்மாடு கோல, இரவில் தலைக்கு வைக்க. பெண்களின் ஒன்பது கஜம், கச்சம் வைத்துக் கட்டுவதால் கால் வீசி நடக்க இடம் கொடுக்கிறது. நம் மடிசார் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழைக்கும் குளிருக்கும் பழைய காலத்தில் ஒரே பொருள் இருந்தது, கோங்கடி என்கிற கம்பளி. தக்காணத்துக் கறுப்பு ஆட்டின் ரோமத்தில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். தலையில் கவிழ்த்தால் தூறல் உள்ளே இறங்காது. தரையில் விரித்தால் படுக்கை. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது பாலிதீன் ஷீட். மழை பெய்தால் தலையிலிருந்து முழங்கால் வரை மூடிக்கொள்கிறார்கள், ஓய்ந்ததும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள், ராத்திரி ஈரத்தரையில் விரிக்கிறார்கள். கம்பளி போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் ஒரு பொருளுக்கு மூன்று வேலை என்ற கணக்கு இன்னும் மாறவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வார்க்கரிகள் வெறுங்கையோடு நடக்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள், பின்னால் வருகிற லாரியைப் பார்ப்பதில்லை. திண்டி எனப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு வண்டி உண்டு. கூடாரம், பாத்திரம், மாற்றுடை மூட்டை எல்லாம் அதில் போகும். தோளில் இருப்பது தாளம், தண்ணீர், அபங்கப் பாடல் புத்தகம், பாலிதீன் மட்டும். இதனால் அவர்கள் மீதுள்ள மரியாதை குறையவில்லை. பகலில் எது கைக்கு எட்ட வேண்டும், எது ராத்திரிக்குப் போதும் என்று பிரிக்கத் தெரிந்திருப்பதுதான் பாதி வேலை.

அந்தப் பிரிப்பின் அருமை திவே காட் ஏற்றத்தில் தெரியும். ஞானேஸ்வரர் பல்லக்கு புனேயை விட்டதும் சாஸ்வட் வரை ஒரே நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடை, அதில் இந்த மலைப்பாதையும் அடக்கம். புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மழையைப் பிடித்து நிறுத்துகிறது. திவே காட்டுக்கு அப்பால் புரந்தர் வட்டாரம் மழைமறைவுப் பகுதி. காலையில் தூறலில் நனைந்தவர் மாலையில் வெயிலில் வியர்க்கலாம். இரண்டையும் ஒரே உடுப்பு சமாளித்தாக வேண்டும்.

உடை எல்லோருக்கும் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடுவதில்லை. புனே டெக்கான் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மானுடவியலாளர் ஐராவதி கார்வே இந்த வழியில் நடந்துபோய் எழுதிய கட்டுரையில், சேர்ந்து நடந்தவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டதை வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். வாரியைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

இனி, நீங்கள் கேட்ட பட்டியல். ஜூலையில் மூன்று நாள் புனே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்டுக்கொண்டு போவது தவிர, மெல்லிய பருத்தியில் இரண்டு மேலாடை, சீக்கிரம் காயும் துணியில் ஒரு பேன்ட் அல்லது சல்வார் போதும். மூன்று மேலாடையும் எல்லாக் கீழாடைக்கும் பொருந்தும் நிறத்தில் இருக்கட்டும். துவாலைக்குப் பதில் ஈரிழைத் துண்டு. சால்வை ஒன்று: ரயிலில் அது போர்வை, சிங்ககட் கோட்டை மேல் அடிக்கும் காற்றுக்கு மேலாடை, கோயிலுக்குப் போகும்போது மரியாதை. மலைக்காற்றில் குடை திருப்பிக்கொள்ளும் என்பதால் மழைக்கோட்டு நல்லது. உள்ளாடை மட்டும் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள், மழைநாளில் அதுதான் காயாமல் கழுத்தறுக்கும்.

வாரி சமயத்தில் புனேயில் வார்க்கரிகளின் அறுந்த செருப்பையும் கிழிந்த பையையும் காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கத் தொழிலாளர்கள் தெருவோரம் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டை சிறிதாக இருக்க, அந்த ஊரும் ஒரு கை கொடுக்கிறது. உங்களுக்கும் ஊசி நூல், சோப்பு, செருப்பு எல்லாம் லட்சுமி ரோட்டில் கிடைக்கும். 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று எதையும் இங்கிருந்து சுமக்காதீர்கள்.

ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புனே மழையில் ஒரு தடவை நனைந்தால், நீங்கள் ஊர் திரும்பும்வரை அது காயாது.

(தொடரும்)