கல்பாக்கத்திலிருந்து ஒரு டெலிபோன்

காஞ்சீபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி, பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்க வேண்டிய கூறைப் புடவை. அணு உலை ஞாபகம் வருமா? வராது. வர நியாயமும் இல்லை. ஆனால் 22 வருஷ காலம், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஏதாவது நேர்ந்து, அது மதிலைத் தாண்டி வெளியே உள்ள ஜனங்களையும் பாதிக்கும் என்ற நிலை வந்தால், அந்தச் சமாசாரம் உடனே வந்து சேர வேண்டிய இடம் காஞ்சீபுரம் கலெக்டர் ஆபீஸாகத்தான் இருந்தது!

1997-ல் பழைய செங்கல்பட்டு ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது கல்பாக்கம் காஞ்சீபுரம் ஜில்லாவோடு சேர்ந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி ஜில்லா ஆகி, கல்பாக்கம் அங்கே போயிற்று. நம் நாட்டு ஏற்பாட்டின்படி, அணுமின் நிலையத்துக்குள் நடப்பதற்கு நிலையத்தின் தலைவர் பொறுப்பு. வெளியே உள்ள ஊர்களைக் காப்பாற்றும் பொறுப்பு ஜில்லா கலெக்டருடையது. யாரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வது, யாரை பஸ் ஏற்றி அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். ஆகவே, அந்த டெலிபோன் மணி எப்போது அடிக்க வேண்டும், எதற்கு அடிக்க வேண்டும், அடித்த பிறகு நமக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பது சாமானிய விஷயமல்ல.

பெரிய விபத்தைப் பற்றி நான் இங்கே சொல்ல வரவில்லை. சின்னச் சின்ன சம்பவங்களைப் பற்றித்தான். பெரியது நடந்தால் உலகமே அறிந்துவிடும். சின்னதைத்தான் சொல்லலாமா, வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள்.

உங்கள் வீட்டுக் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்களேன். வெயிட் ஆடி விசில் அடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் விசில் வராமல், பக்கத்தில் இருக்கும் ஸேஃப்டி வால்வ் பிய்த்துக்கொண்டு போகிறது. பருப்பு கூரையில்! ஆனால் யாருக்கும் காயமில்லை. இதை விபத்து என்பீர்களா? அந்த வால்வ் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறது. ஆனாலும், வெயிட்டில் அடைப்பு இருந்தது என்று நாளைக்குச் சமைக்கப் போகும் நாட்டுப்பெண்ணிடம் சொல்லாமல் இருப்பீர்களா?

அணு உலையிலும் இப்படித்தான். எங்கோ ஒரு குழாய் கசிகிறது, ஒரு பம்ப் நின்றுவிடுகிறது, உலை தானாகவே அணைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் தரம் பிரித்துச் சொல்வதற்காக, சர்வதேச அணுசக்தி முகமையும் அதன் கூட்டாளிகளும் 1990-ல் ஓர் ஏணியைச் செய்தார்கள். ஏழு படிகள். முதல் மூன்று படிகளில் இருப்பவை 'சம்பவங்கள்'. நான்கு முதல் ஏழு வரை 'விபத்துகள்'. ஏணிக்குக் கீழே தரையில் நிற்பவற்றுக்குப் பூஜ்யம். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கடுமையானது. சோவியத் யூனியனின் செர்னோபில் (1986), ஜப்பானின் ஃபுகுஷிமா (2011) இரண்டும் ஏழாம் படி. நம் நாட்டு மின்நிலையங்களில் நடந்தவற்றில் மிகவும் உயரே போனது, 1993 மார்ச் 31-ம் தேதி உத்தரப் பிரதேசத்து நரோராவில் பற்றிய தீ. அது மூன்றாம் படியோடு நின்றது. இரண்டாம் படியும் அதற்கு மேலும் உள்ளவற்றை 24 மணி நேரத்துக்குள் மற்ற நாடுகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்படியானால் பூஜ்யமும் ஒன்றும்? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி கல்பாக்கத்துக்கு வந்தபோது முதல் உலை பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீரை இழுக்கும் பம்ப் கூடத்தில் வெள்ளம் புகுந்தது. பம்புகள் நின்றன. உள்ளே இருந்தவர்கள் உடனே உலையை நிறுத்தினார்கள்.

நிறுத்தினால் போதாது, சகோதரி! விறகடுப்பை அணைத்த பிறகும் தணல் கனிந்துகொண்டிருக்கிறதே, அதுபோல உலையிலும் சூடு நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். ஆறு வருஷம் கழித்து ஃபுகுஷிமாவில் தவறிப் போனது இந்த இடத்தில்தான். கல்பாக்கத்தில், முழுகாமல் தப்பிய ஒரே ஒரு கடல்நீர் பம்ப் அந்த வேலையைப் பார்த்தது. அவசர எச்சரிக்கை அறிவித்து, மறுநாள் இரவு அதை விலக்கிக்கொண்டார்கள். கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. பக்கத்தில் புதிய ஈனுலைக்காகத் தோண்டியிருந்த அஸ்திவாரக் குழியில் மட்டும் கடல் நிறைந்து நின்றது.

இதற்கு ஏணியில் கிடைத்த இடம் பூஜ்யம். அன்றைக்குக் கல்பாக்கம் நகரியத்தில் கடல் கொண்டுபோன உயிர்கள் எத்தனையோ. ஆனால் அந்த ஏணி அளப்பது அணுவின் பாதுகாப்பை மட்டுமே, மனிதரின் துக்கத்தை அல்ல. அதனால்தான் வெறும் எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் ஜனங்களுக்குத் திருப்தி வருவதில்லை. உலை நின்றதா, பம்ப் ஓடுகிறதா, காற்றையும் தண்ணீரையும் அளந்தார்களா என்று நாலு வார்த்தை வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கல்பாக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 21-ம் தேதி. இது மின்நிலையத்தில் அல்ல; அதே வளாகத்தில் இருக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையில். ஒரு வால்வ் பழுதாகி, கதிரியக்கம் கடுமையாக உள்ள கழிவு நீர், சாதாரணக் கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. அது தெரியாமல் வேலை செய்த ஆறு ஊழியர்கள் உடம்பில் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டார்கள். அளவு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை. ஓர் ஊழியருக்கு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்பது விதி. பொதுஜனங்களுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளர் சங்கத்தினர் கூச்சலிட்ட பிறகு, விஷயம் வெளியுலகத்துக்குத் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று.

மதிலுக்கு வெளியே யாருக்கும் அதனால் ஆபத்தில்லை என்றார்கள். இருக்கட்டும். ஆனால், அந்த ஆறு பேரின் வீடுகளில் ஆறு குடும்பங்கள் இருக்குமே! அக்கம்பக்கத்தில் அறுபது குடும்பங்கள் இருக்குமே! கிணற்றடியில் பேசுகிற பேச்சுக்கு யார் தடை போட முடியும்? ஆறு பேர் அறுநூறு பேராகி, கழிவுத் தொட்டி அணுகுண்டாகி, கல்பாக்கத்து மீனை வாங்காதே என்பதில் போய் நிற்கும். மீன்காரி தலையில்தான் அந்த பாரம் விடியும்.

1999 மார்ச் 26-ல் இரண்டாம் உலையில் கனநீர் கசிந்தபோதும் இதே தலைவலிதான். கனநீர் என்பது பார்வைக்குத் தண்ணீரேதான். சற்றே பாரமானது, விலை மிகவும் அதிகம். இந்த உலைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. உலைக்குள் இருந்து வரும்போது அதில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கும். எவ்வளவு கசிந்தது என்பதில் நிலையத்தார் ஒரு கணக்குச் சொன்னார்கள். வெளியே இருந்த நிபுணர்கள் அதைவிடப் பெரிய கணக்குச் சொன்னார்கள். இரண்டு கணக்கு வந்துவிட்டால், எது உண்மையானாலும் முதல் கணக்கை ஜனங்கள் நம்புவதில்லை. பால்காரரிடம் நமக்குள்ள அநுபவம்தானே இது!

கர்நாடகத்தில் உள்ள கைகாவில் 2009 நவம்பரில் நடந்தது துப்பறியும் கதை மாதிரி. ஊழியர்களின் சிறுநீரை வழக்கமாகச் சோதிக்கும்போது சிலருக்கு டிரிடியம் அளவு அதிகமாகத் தென்பட்டது. தேடிப் பார்த்தால், குடிதண்ணீர் குளிர்விக்கும் இயந்திரத்தில் யாரோ வேண்டுமென்றே கனநீரைக் கலந்திருக்கிறார்கள்! ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் குடித்திருந்தார்கள். சில நாட்களில் அரசாங்கமே விஷயத்தை வெளியிட்டது. பிரதம மந்திரி மன்மோகன் சிங்கே பேசினார். கூச்சல் எழுந்தது, பிறகு அடங்கியது. சோதனை ஒழுங்காக நடந்ததால்தானே பிடிபட்டது என்று சொல்லிக்கொள்ளவும் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

இன்னும் நல்ல உதாரணம் குஜராத்தில் இருக்கிறது. உங்கள் காஞ்சீபுரம் புடவைக்கு ஜரிகை வருகிறதே சூரத், அதற்குக் கிழக்கே காக்ராபார் என்ற இடம். 2016 மார்ச் 11 காலை, முதல் உலையில் குளிர்விக்கும் கனநீர் கசிந்து, உலை தானாக நின்றது. நிலைய அவசர நிலை அறிவித்தார்கள். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அன்றைக்கே அறிக்கை வெளியிட்டது. இத்தனைக்கும் அன்று ஃபுகுஷிமா விபத்தின் ஐந்தாவது நினைவு நாள்! பீதி கிளம்ப இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்காது. ஆனால் பெரிய பீதி எதுவும் எழவில்லை. பத்து நாளில் அவசர நிலையை நீக்கினார்கள். ஏணியில் முதல் படி.

'நிலைய அவசர நிலை' என்றேன். இந்த வார்த்தைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகையில் 'அவசர நிலை' என்று கொட்டை எழுத்தில் பார்த்ததும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நிலைய அவசர நிலை என்றால் சங்கடம் அந்தக் கட்டடத்தோடு சரி. வளாக அவசர நிலை என்றால் மதிலுக்குள் எங்கும். மதிலைத் தாண்டினால்தான் வெளிப்புற அவசர நிலை. அப்போதுதான் கலெக்டர் களத்தில் இறங்குகிறார். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை இதற்குத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினமும் மாமல்லபுரமும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. காஞ்சீபுரம் நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 60 கிலோமீட்டர். வட்டத்துக்கு வெகு தூரம் வெளியே.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர்களுடைய நான்கு தரங்களில் மிகவும் கீழானதற்கு 'வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சி' என்று பெயர். சிறு தீ, லேசான பூகம்பம், புயல் எச்சரிக்கை ஆகியவைகூட இதில் சேரலாம். அறிவித்த 15 நிமிஷத்தில் மாகாண அதிகாரிகளுக்கும், ஒரு மணி நேரத்துக்குள் மத்தியக் கமிஷனுக்கும் சொல்லியாக வேண்டும். கமிஷன் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிடும். 1979-ல் 'திரீ மைல் ஐலண்ட்' உலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு கடுமையாக்கிய ஏற்பாடு இது. இப்படி அடிக்கடி வருவதைப் படித்துப் படித்து அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போகிறது. அதுதான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாதாமாதம் கரண்ட் பில் வருகிற மாதிரி அது வந்துகொண்டிருந்தால், வராத மாதத்தில்தானே 'ஏன் வரவில்லை?' என்று கேட்போம்.

செர்னோபில் எப்படி வெளியே வந்தது தெரியுமா? 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்தது. 28-ம் தேதி காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்து ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஓர் ஊழியரின் பூட்ஸில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரிக்கை மணி அடித்தது. தங்கள் உலையில்தான் ஓட்டை என்று அவர்கள் பதறித் தேடினார்கள். கடைசியில் காற்று வந்த திசையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்! அன்று இரவுதான் மாஸ்கோ வாயைத் திறந்தது. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான், அதே வருஷம் செப்டம்பரில் உலக நாடுகள் செய்துகொண்ட 'முன்கூட்டித் தெரிவிக்கும்' ஒப்பந்தம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை அங்கேயே நிறுத்தி, அதை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாலு விரற்கடை ஓட்டிவிட்டால், புடவையை உதறிப் பிரித்ததும் அது கோடாகத் தெரியும். கடைக்காரர் விலையைக் குறைப்பார். குறைத்த விலை நெய்தவர் கூலியில் கழியும்.

கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளிப்புற அவசர நிலைக்கான ஒத்திகை நடத்துவது முறை. அங்கே உங்களுக்கு உறவினர் இருந்தால், அவர்களுக்கு இதை எழுதுங்கள். அறிவிப்பு வந்தால் ஓட வேண்டாம். வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். தண்ணீரையும் சமைத்த பண்டங்களையும் மூடி வையுங்கள். அதிகாரிகள் சொல்லும் வரையில் வெளியே கறந்த பாலும் தோட்டத்துக் கீரையும் வேண்டாம். அயோடின் மாத்திரை கொடுத்தால், கொடுக்கும்போது, சொன்ன அளவு சாப்பிடுங்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை அது முன்கூட்டியே நிரப்பிவிடுவதால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. அது மற்ற கதிர்வீச்சுகளுக்கு மருந்தல்ல. காயத்துக்குப் போடுகிற டிங்க்சர் அயோடினை அதற்குப் பதிலாக ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.